சேலம்–புனே லோடு: வாடகையைக் குறைத்துச் சொல்லும் புரோக்கரிடம் உஷார்

நவராத்திரி நெருங்கினால் மகாராஷ்டிராவில் விரதத்துக்கு ஜவ்வரிசி கிச்சடி வேண்டும். அதை அனுப்ப சேலத்தில் எங்களுக்கு லாரி வேண்டும். மில்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவதால் வாடகை ஏறிவிடும். வாடகையைக் குறைத்துச் சொல்லும் புரோக்கர்கள் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

வழக்கமான புக்கிங் ஆபீசில் புனேவுக்கு டன் 3,400 ரூபாய், அதுவும் வண்டி உடனே இல்லை என்றார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு புரோக்கர் 2,900க்கு அன்றைக்கே பத்து சக்கர வண்டி தருகிறேன் என்றார். 18 டன்னுக்கு 52,200. வண்டி வந்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் சுத்தம். லோடு ஏறியதும் 45,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

கோலாப்பூர் தாண்டியதும் டிரைவர் போன் செய்தார். "அண்ணா, எங்களுக்கு வந்தது இருபதாயிரம்தானுங்க. ஓனர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிட்டாருங்க."

நாமக்கல் ஓனரிடம் அந்த புரோக்கர் பேசியிருந்தது டன் 3,300! டீசலுக்கு 20,000 கொடுத்துவிட்டு, மீதி 39,400ஐச் சரக்கு வாங்கும் புனே பார்ட்டி தருவார் என்று கதை விட்டிருக்கிறார். டன்னுக்கு 400 ரூபாய் கைக்காசு போட்டு யாராவது புரோக்கர் தொழில் செய்வார்களா? இடையில் அமுக்கிய 25,000தான் அவருடைய கமிஷன். போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஓனரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் ஏமாந்தவர்தான். ஆனால் சரக்கு அவர் வண்டியில். இதற்கிடையில் சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் வேறு. அது செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. புனேவுக்கு ஆறு நாள்தான் வரும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். காலாவதியான பில்லோடு மாட்டினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். வேறு வழியில்லாமல் 39,400ஐயும் கட்டினோம். வழக்கமான ஆபீசில் 61,200க்கு முடிய வேண்டிய லோடு 84,400 ஆயிற்று, வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் தனி.

இனி யார் புதிய புரோக்கர் மூலம் வண்டி எடுத்தாலும், மூட்டை ஏற்றும் முன் ஓனரிடமே போனில் கேளுங்கள்: என்ன வாடகை பேசியிருக்கிறார்கள், எவ்வளவு அட்வான்ஸ்? இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அட்வான்ஸ் ஓனர் கணக்குக்கே போகட்டும், புரோக்கருக்குக் கமிஷன் மட்டும். மீதி எவ்வளவு, யார் தர வேண்டும் என்பதை எல்.ஆரில் (லாரி ரசீதில்) எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதா? ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே சைபர் மோசடி புகார் எண் 1930க்கு அடியுங்கள். பணம் போன கணக்கிலிருந்து புரோக்கர் எடுப்பதற்குள் முடக்கினால்தான் உண்டு.