மண்டபக் கண்காட்சியில் காய் சீவும் ஸ்லைசர் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஊர் ஊராகக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ‘வீட்டு உபயோகப் பொருட்கள் கண்காட்சி மற்றும் விற்பனை’ என்று தட்டி கட்டுகிறார்களே, அங்கே மேசை போட்டுக் காய் சீவிக் காட்டி விற்கும் கை ஸ்லைசரை வாங்காதீர்கள். மேசையில் ஓடுவது ஒன்று, பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பது வேறொன்று. அந்தப் பெட்டிச் சரக்கால் எங்கள் அத்தையின் வலது கட்டைவிரல் நுனி சீவிப் போய்விட்டது. என் மாமியார் அவர். ஐம்பது வருடமாக அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்கியவர், ஒரு கீறல் பட்டதில்லை.

திண்டுக்கல்லில் நடந்தது இது. ஒட்டன்சத்திரம் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பக்கம் வீடுகளில் காய்க்குக் குறைவில்லை. முகூர்த்த நாள், விரத நாள் என்றால் வாழைக்காய், சேனை, உருளை என்று கூடை கூடையாகச் சீவ வேண்டியிருக்கும். இது அந்த விற்பனைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விற்ற பையன் திறமைசாலி. “அக்கா இங்க பாருங்க, அம்மா நீங்க முன்னாடி வாங்க” என்று கூட்டம் சேர்த்துவிட்டான். வெள்ளரிக்காயைக் கண்ணாடி மாதிரி சீவினான். முள்ளங்கி, தோல் சீவித் தண்ணீரில் ஊற வைத்த உருளைக்கிழங்கு, பாதியாகப் பிளந்த கேரட், முட்டைக்கோஸ். பலகை மேல் அடிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டான். அப்போது அது சுத்தத்துக்கு என்று தோன்றியது. பலகை ஈரமாக இருந்தால் காய் வழுக்கிக்கொண்டு போகும், பிளேடு மொண்ணை என்பதே தெரியாது. அத்தை “தம்பி, சேனைக்கிழங்கு சீவுமா?” என்று கேட்டார். “கல்லைத் தவிர எல்லாம் சீவும்மா” என்றான். சேனையை மட்டும் மேசையில் வைக்கவில்லை. சேனை, சர்க்கரைவள்ளி, பச்சை பீட்ரூட், முற்றிய நேந்திரங்காய், இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சீவிக் காட்டாத ஸ்லைசரை நம்பவே கூடாது. வெள்ளரிக்காயைத் தேங்காய் நார் உரிக்கிற கத்திகூடச் சீவிவிடும்.

அடுத்து ஒரு காந்தத்தை எடுத்தான். பிளேடில் வைத்தான், ஒட்டவில்லை. “பாத்துக்கங்க, காந்தம் ஒட்டலைன்னா அசல் எவர்சில்வர், துரு ஏறாது.” சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாத்திரக் கடையில் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய சோதனை இது.

நல்ல சமையல் பாத்திரங்கள் பெரும்பாலும் 304 ரக எஃகில் செய்வது. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதில் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே பாத்திரத்திலேயே இந்தச் சோதனை அரைகுறைதான். கத்தி, பிளேடு விஷயத்தில் இது தலைகீழ். கூர் நிற்க வேண்டுமானால் எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்க வேண்டும். அப்படிக் கடினமாகக் கூடியது 420 போன்ற 400 வரிசை எஃகு. அதில் காந்தம் ஒட்டும். ஒட்டத்தான் வேண்டும். காந்தம் ஒட்டாத பிளேடு என்றால் பாத்திரத் தகட்டை வெட்டி ஓரத்தைத் தேய்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சில வாரங்களில் மழுங்கிவிடும். மழுங்கிய பிளேடில் காயை அழுத்தித் தள்ள வேண்டும், அழுத்தித் தள்ளும்போதுதான் கை தவறும். அந்தப் பையன் பெருமையாகக் காட்டியதே அந்தச் சாமானின் முதல் குறை.

பெட்டியில் 1,299 ரூபாய் என்று விலைச் சீட்டு ஒட்டியிருந்தது, எங்களுக்கு 399-க்குக் கொடுத்தார்கள். பில் கேட்டேன். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதில் கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. கீழே மட்டும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கொட்டை எழுத்து. பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும் விடவில்லை. “சீல் உடைச்சா நாங்க விக்க முடியாதுக்கா” என்றார்கள்.

வீட்டில் பிரித்தபோது நிறமும் வடிவமும் அதேதான். மேசையில் இருந்ததில் பிளேடை இரண்டு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்ததில் பிளாஸ்டிக் பள்ளத்தில் சொருகி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குமிழை உருக்கி அமுக்கியிருந்தது, அவ்வளவுதான். மேசைப் பலகை விறைப்பானது, இது விரலால் அழுத்தினாலே வளைந்தது. காயைக் குத்திப் பிடித்துத் தள்ளும் மூடி ஒன்று இருந்தது. அதன் பற்கள் குட்டை, உருளையில் பிடிக்கவில்லை. பலகையின் ஓரத்தில் அது ஓட வேண்டிய தடத்திலும் பொருந்தவில்லை. விரலைக் காக்க வேண்டிய உறுப்பு வெறும் ஒப்புக்கு வைத்தது.

பலகை வளைந்தால் என்ன என்று கேட்கலாம். ஸ்லைசரில் சீவலின் கனத்தைத் தீர்மானிப்பது பலகைக்கும் பிளேடின் விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒன்றுதான். அழுத்தும்போது பலகை நெளிந்தால் அந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே சீவலில் ஒரு பக்கம் தாள் மாதிரி, மறு பக்கம் தடிமன். எண்ணெயில் போட்டால் மெல்லிய பக்கம் கருகும்போது தடித்த பக்கம் இன்னும் வதக்வதக்கென்று இருக்கும். எங்கள் வீட்டு வறுவல் அப்படித்தான் ஆனது.

அது பரவாயில்லை என்று விட்டிருக்கலாம். அமாவாசைக்குச் சேனைக்கிழங்கு வறுக்க அத்தை சீவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக் குமிழ் உடைந்து பிளேடின் முனை மேலே எழும்பியது. கிழங்கு அதில் மாட்டி நின்றது, கை நிற்கவில்லை. நகத்தோடு சேர்ந்து சதை போய்விட்டது. ரத்தம் நிற்கவே நேரமாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடு காபித் தூளை அப்ப வந்தார், தடுத்துவிட்டோம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காபித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல் வந்தது நல்லது என்று டாக்டர் சொன்னார். அவை காயத்துக்குள் போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு, கிருமியும் சேரும். டி.டி. ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினார். அத்தை சர்க்கரை நோயாளி, கட்டு மாற்றவே பல தடவை அலைந்தோம். சாதம் பிசைய முடியாமல் கரண்டியில் சாப்பிட்டபோது அத்தை முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மண்டபத்துக்குப் போனால் அங்கே வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. கண்காட்சிக்காரர்கள் காலி செய்திருந்தார்கள். மண்டப மேனேஜர் நல்லவர், வாடகைக்கு எடுத்தவரின் நம்பரைக் கொடுத்தார். அவரோ, “நான் இடம் மட்டும்தான் பிரிச்சுக் குடுக்கிறேன், ஸ்டால்காரங்க யாருன்னு எனக்குத் தெரியாது” என்றார். பெட்டியில் இருந்த வாட்ஸ்அப் எண்ணில் விரலின் போட்டோவை அனுப்பினேன். ‘அன்பாக்சிங் வீடியோ இருக்கா மேடம்?’ என்று ஒரு பதில் வந்தது. பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். உடைந்த சாமானுக்கு வீடியோ கேட்கிறவர்கள், கிழிந்த விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதன்பின் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். இதே கதி வந்தவர்களுக்கு உதவும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. இன்னும் முக்கியமானது 86-ஆவது பிரிவு: குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டு, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்றவரே பொறுப்பு. எங்கள் பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி என்ற இடத்தில் ஓர் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது, தெரு கிடையாது, பின்கோடு கிடையாது.

பெட்டியில் என்னென்ன அச்சாகியிருக்க வேண்டும் என்பதற்கு 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் இருக்கின்றன. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முழு முகவரியும், தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம், இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டுச் சரக்கு என்பது, எல்லாம் வேண்டும். விலையைக் கூட்டிக் காட்ட மேலே சீட்டு ஒட்டுவதும் விதிமீறல். எங்கள் பெட்டியின் 1,299 சீட்டை நனைத்து உரித்தால் அடியில் 349 என்று அச்சாகியிருந்தது. 900 ரூபாய் தள்ளுபடி என்று கொடுத்தது, உண்மையில் 50 ரூபாய் கூடுதல். தமிழ்நாட்டில் இந்த விதிகளை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் பெட்டியின் படங்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். 1915 சமரசம்தான் பேசும், உத்தரவு போடாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றவன் எந்த ஊருக்குப் போனாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் எதிர்தரப்பு என்று எழுத ஒரு பெயரும் முகவரியும் வேண்டுமே. அதனால்தான் ‘எஸ்டிமேட்’ சீட்டு கொடுக்கிறார்கள். ஸ்டால் பலகையையும் விற்கிற ஆளையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஜிபே, போன்பேயில் கொடுங்கள், பெற்றவர் பெயராவது மிஞ்சும்.

ஸ்லைசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லது ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை மிச்சம். எங்கள் தெருமுனைச் சிப்ஸ் கடை மாஸ்டரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அவர் நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவுகிறவர். அவர் சொன்னது முதலில் ஸ்லைசரின் ஃபிரேமைப் பார்க்க வேண்டும் என்பது: முழுக்க எஃகோ கெட்டி மரமோ இருக்கட்டும், பிளேடு திருகாணியில் இருக்கட்டும், கழற்றிச் சாணை பிடிக்க முடியட்டும். பிளேடு நேர்க்குறுக்காக இருப்பதைவிடச் சாய்வாகவோ ‘வி’ வடிவிலோ இருந்தால் கெட்டிக் காய் சுலபமாக இழுத்துக்கொண்டு போகும். வறுக்கிற எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்லைசரை அதன் மேல் பிடித்தால் நெளிந்துவிடும் என்பதால் வீட்டில் தட்டில் சீவிப் போடுவதே சரி. பிடிக்கும் மூடியைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

மாஸ்டர் கடைசித் துண்டைச் சீவுவதே இல்லை, தனியாகப் போட்டுவிடுகிறார். வீட்டிலும் அதைப் பொரியலுக்குக் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம். வெட்டுத் தாங்கும் கையுறைகள் இப்போது கிடைக்கின்றன, அட்டையில் ‘ஈ.என். 388’ என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

வாழைக்காய் சீவுமுன் கையிலும் பலகையிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை பிடிக்காது. சீவி முடித்த கையோடு கழுவ வேண்டும், சிங்க்கில் பாத்திரத்தோடு பாத்திரமாகப் போடக் கூடாது. நுரைக்கு அடியில் கிடப்பது தெரியாமல் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கையை விட்டுவிடுவார். கூரான பிளேடு எஃகில் குரோமியம் குறைவு, அதனால் உப்பும் புளிப்பும் பட்டு ஈரத்தோடு கிடந்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். ஓடும் தண்ணீரில் பிளேடின் பின்பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி பிரஷ் ஓட்டிக் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, உறை போட்டு மாட்டி வைத்தால் போதும். மாதம் ஒரு தரம் திருகாணியை முறுக்கிப் பாருங்கள்.

உடைந்த பிளேடைப் புகார் முடியும்வரை எறிய வேண்டாம், அதுதான் சாட்சி. பெட்டி, சீட்டு, ஆஸ்பத்திரி ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். எறியும் நாள் வரும்போது கெட்டி அட்டையில் சுற்றி டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள்.