போர் தண்ணீர், ஆர்ஓ, கேன், காவிரி, மழை: ராணிப்பேட்டைப் பக்கம் உலையில் எதை ஊற்றுவது?

பாலாற்றங்கரை ஊர்களில் குடிதண்ணீர் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வார்த்தைகள் தவறாமல் காதில் விழும். ‘காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். ‘டிடிஎஸ் கம்மியா காட்டுது, நல்ல தண்ணிதான்’ என்பார்கள். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. முதலாவது கிருமிக்குச் சரி, இரண்டாவது உப்புக்குச் சரி. தொழிற்சாலைக் கழிவிலிருந்து குரோமியம் என்ற உலோகம் இறங்கிய நிலத்தடி நீரில் இரண்டும் செல்லாது. வட ஆற்காட்டில் எந்தத் தண்ணீர் நல்லது என்று கேட்பதற்கு முன், நம் தெருவுக்குக் கீழே எந்த மாசு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்று இங்கே கணக்கு வைக்கிறோம். சமையலைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. குடிக்கக் கேன் வாங்கிவிட்டு, உலைக்கும் குழம்புக்கும் போர் தண்ணீரையே ஊற்றும் வீடுகள் நிறைய. அரிசி உறிஞ்சும் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது சோற்றோடு உள்ளே போகிறது. கஞ்சி வடித்தாலும் ஒரு பங்குதான் வெளியேறும்.

ஆம்பூர் வேறு, ராணிப்பேட்டை வேறு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் முதல் பிரச்சினை உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வருகிறது. அதை ஊறவைத்து அலசிய தண்ணீர் பல பத்தாண்டுகளாக நிலத்தில் இறங்கியிருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது ‘குரோமியம் மூன்று’ (3) என்ற வடிவம். அமிலமில்லாத சாதாரணத் தண்ணீரில் அது சகதியாகப் படிந்துவிடும், வெகுதூரம் நகராது.

ராணிப்பேட்டையின் கதை வேறு. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவிலிருந்து 1990களின் நடுவரை குரோமேட் உப்புகளைத் தயாரித்து, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டு மூடப்பட்டது. அந்தக் குவியலிலிருந்து மழையில் கரைந்து இறங்குவது ‘குரோமியம் ஆறு’ (6) என்ற இன்னொரு வடிவம். இது படியாது. தண்ணீரோடு தண்ணீராக நகரும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குடிநீர் வழியாகக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதில் எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 மொத்தக் குரோமியத்துக்கு வைத்த எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வேறு வழியில்லாத ஊருக்கு உப்பில் தரும் சலுகை இதில் கிடையாது. பாலாற்று மாசுக்காக உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும், 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொழிற்பகுதி மாசுப் பட்டியலில் வேலூர்–வட ஆற்காடு 100க்கு 81.79 புள்ளியோடு ‘மிக மோசம்’ என்ற வரிசையில் நின்றது.

தண்ணீர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தால் குரோமியம் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். இருபது மடங்கு இருந்தாலும் நிறம் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் தெளிவாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது, பரிசோதனைதான் வழி. ஆய்வகத்தில் ‘குடிநீர் டெஸ்ட்’ என்று மட்டும் கேட்டால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் பார்த்துக் கொடுப்பார்கள். குரோமியத்தைத் தனியாக எழுதிக் கேளுங்கள். போரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்புங்கள். குரோமியம் ஆறு பார்ப்பதற்கான பாட்டிலில் அமிலம் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அது மூன்றாக மாறி அளவு குறைத்துக் காட்டும். பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டைபினைல்கார்பசைடு சேர்க்கும் சிறிய கிட் கிடைத்தால் வீட்டிலேயே பார்க்கலாம். குரோமியம் ஆறு இருந்தால் தண்ணீர் ஊதா கலந்த சிவப்பாக மாறும்.

போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 10 லிட்டரைக் கொதிக்கவைத்து 8 லிட்டராக்கினால் கிருமி சாகும், குரோமியமும் நைட்ரேட்டும் கால் பங்கு கூடும். எல்லையில் 0.05 இருந்தது 0.0625 ஆகும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் காய்ச்சிப் பால் கரைப்பது மிக ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கும். கேண்டில் ஃபில்டரும் யுவி விளக்கும் இதே ரகம்தான், கரைந்த உலோகத்தை அவை தொடாது. வெந்நீர் போட டேனரிக் கழிவுத் தோலை அடுப்பில் எரிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தோலில் சாதுவாக இருந்த குரோமியம் மூன்று நெருப்பில் ஆறாக மாறிச் சாம்பலில் தங்கும்.

ஆர்ஓ: ஸ்க்ரூவைப் பொறுத்தது

போரைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்கு, மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் ஆர்ஓதான் சரியான கருவி. ஆனால் இங்கே அதைப் பொருத்தும் விதம் பெரும்பாலும் தவறு.

விற்க வருபவர் இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கம்பிகள் நீட்டிய ஒரு கருவியைச் செருகிக் கரண்ட் கொடுப்பார். போர் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பும், ஆர்ஓ தண்ணீர் தெளிந்து நிற்கும். குழம்புவது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கரைந்த இரும்புக் கம்பி. உப்பு இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும். அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செருகச் சொல்லுங்கள், அதுவும் குழம்பும். அந்த வேடிக்கையிலிருந்து குரோமியம் பற்றி எதுவுமே தெரியாது.

உண்மையில் பார்க்க வேண்டியது பைபாஸ் ஸ்க்ரூ. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். மெம்பரேன் தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால், மெம்பரேனைத் தொடாத தண்ணீரில் ஒரு பங்கை இது நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போரில் லிட்டருக்கு டிடிஎஸ் 1200 மில்லிகிராம், குரோமியம் 0.5 மில்லிகிராம். மெம்பரேன் 93 சதவீதம் தடுக்கிறது, குரோமியத்தையும் அதே விகிதத்தில் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரூ முழுக்க மூடியிருந்தால் வெளியே வருவது டிடிஎஸ் 84, குரோமியம் 0.035. எல்லைக்குள் வந்துவிட்டது. ஸ்க்ரூவைத் திறந்து கால் பங்கு கலந்தால் டிடிஎஸ் 363. மீட்டரைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். குரோமியமோ 0.15, எல்லையைப் போல மூன்று மடங்கு. மீட்டர் அதைக் காட்டாது, நாக்குக்கும் தெரியாது.

ஆகவே ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் ஸ்க்ரூவை முழுக்க மூடச் சொல்லுங்கள். தாது உப்பு போய்விடுமே என்ற கவலை வேண்டாம், கேழ்வரகும் கீரையும் பாலும் தரும் சுண்ணாம்புச் சத்துக்கு முன்னால் தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான். ஆம்பூரில் வெறும் உப்புத்தான் என்று பரிசோதனையில் உறுதியானால் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் மீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். மேலே சொன்ன போரில் தடுக்கும் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் குரோமியம் எல்லையைத் தாண்டிவிடும், மெம்பரேனை மாற்ற வேண்டும். வேஸ்ட் தண்ணீர் குறையட்டும் என்று, அது வெளியேறும் ரெஜெக்ட் குழாயை மடக்கிக் கட்டுவது இங்கே சகஜம். கட்டினால் சுண்ணாம்பு மெம்பரேனிலேயே படிந்து சில மாதங்களில் அடைத்துவிடும். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் ரெஜெக்ட் என்றால், மேலே சொன்ன தண்ணீரில் அதன் குரோமியம் 0.65. கழிவறைக்கு ஊற்றலாம், கீரைத் தொட்டிக்கு வேண்டாம்.

ஆர்ஓவுக்கும் ஒரு வரம்பு உண்டு. போரில் குரோமியம் 2 இருந்தால் ஸ்க்ரூவை மூடினாலும் 0.14 வரும். அந்தப் போர் சமையலறைக்கு ஆகாது.

கேன்

இதை நாம் கடைசி இடத்தில்தான் வைப்போம். 20 லிட்டர் 30, 40 ரூபாய் என்றால் மாதம் 900 முதல் 1,200 ரூபாய் ஆகும். அந்தக் காசுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் பக்கத்து ஊர் போர் தண்ணீரை யாரோ ஆர்ஓ போட்டதுதான். அவர்களின் ஸ்க்ரூ எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், நிரப்பிய தேதி, ஐஎஸ் 14543 முத்திரை, உடையாத சீல் ஆகியவை இல்லாத கேனை வாங்க வேண்டாம். அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்று போட்ட கெட்டிக் கேன் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதிலிருந்து பிஸ்ஃபீனால்-ஏ என்ற ரசாயனம் கசியும், சூட்டில் கூடுதலாகக் கசியும். அந்த ரசாயனத்தில் நாள்தோறும் உடல் தாங்கும் அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருந்ததை 2023இல் எடை கிலோவுக்கு 0.2 நானோகிராம் என்று இருபதாயிரம் மடங்கு குறைத்தது. அக்னி நட்சத்திர வெயிலில் திறந்த வண்டியில் மதியம்வரை நின்ற கேனை இறக்க விடாதீர்கள்.

காவிரித் தண்ணீர்

மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதுதான் முதல் தேர்வு. டிடிஎஸ் மீட்டர் உண்மையாக உதவும் இடமும் இதுதான். காவிரி சில நூறுகளில் நிற்கும். ஒரு நாள் திடீரென்று 800 காட்டினால் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர்க் கிணற்றுத் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம், அந்த முறை பிடித்ததைத் துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீரை ஆர்ஓவில் விட்டு முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டாம், வடிகட்டிக் காய்ச்சினால் போதும். குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் பைப்பின் கீறல் வழியாகச் சாக்கடை நீரும் சேர்ந்து வரும். தரையடித் தொட்டியில் விரிசல் இருந்தால் நிலத்தடி நீர் உள்ளே கசியும், காவிரியில் போர் கலந்த கதைதான். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து ஒரு நாள் காயவிட்டுச் சுவரில் ஈரம் ஊறுகிறதா என்று பாருங்கள்.

மழைநீர்

காவிரி வராத வீட்டில், போரும் மஞ்சளாகிவிட்ட இடத்தில், மிச்சமிருக்கும் நல்ல வழி இது. 2003இல் தமிழகம் முழுக்க மழைநீர்க் குழி கட்டாயமானது. ஆனால் குழியில் இறக்கினால் குரோமியம் இறங்கிய நிலம் சுத்தமாகாது, குடிக்கத் தொட்டியில்தான் பிடிக்க வேண்டும். 1000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கை வீண் என்று கழித்தாலும் ஏறக்குறைய 7,400 லிட்டர் சேரும். நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஒரு வருடத்துக்கு வரும்.

முதல் 2 மில்லிமீட்டர் மழையை வெளியே விட வேண்டும். தொழிற்பேட்டைத் தூசி மாடியில் படிந்திருக்கும். 1000 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 190 லிட்டர், ஒரு டிரம் நிரம்பிய பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்பினால் சரியாக இருக்கும். குரோமேட் குவியலிலிருந்து காற்று நேராக வீசும் தெருக்களில் இன்னொரு டிரம் விடுங்கள், முதல் தடவை பிடித்ததைப் பரிசோதித்துவிட்டுக் குடியுங்கள். புதிதாகத் தார் பூசிய மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை இரண்டிலும் குடிக்கப் பிடிக்கக் கூடாது. தொட்டி கறுப்பாக, வெளிச்சம் புகாமல் இருந்தால் பாசி பிடிக்காது. 1000 லிட்டருக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராமைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள்.

டிரம் விஷயத்தில் கவனம் வேண்டும். சிப்காட் பக்கம் பழைய நீல டிரம்கள் மலிவாகக் கிடைக்கும், சோப்புப் போட்டுக் கழுவி மழைநீருக்கு வைத்துவிடுகிறார்கள். அவற்றில் பல சாயமும் அமிலமும் கரைப்பானும் வந்தவை. கரைப்பான் பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் மாதக்கணக்கில் திரும்பக் கசியும். முதல் மழையைப் பிடித்துக் கொட்டுவதற்கு வேண்டுமானால் அந்த டிரம்மை வைத்துக்கொள்ளலாம். குடிக்கும் தண்ணீருக்குப் புதுத்தொட்டியே வாங்குங்கள்.