பரிசோதனை அறிக்கையோடு வந்த தமிழ்க் கையேடு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், 1,600 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர்களுக்கு, அறிக்கையில் வரும் சொற்களை விளக்கும் 24 பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். சென்ற மாதம் 67 வயதான என் தாயாரை அழைத்துச் சென்றபோது அது எங்கள் கைக்கு வந்தது. காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள்; மாலைக்குள் அறிக்கை தயார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதால் கையேட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரத்தம் எடுக்கும்போதே அம்மா, "ஒரே கையிலிருந்து எடுப்பதை எதற்கு மூன்று குழாயில் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அங்கிருந்த பெண் சிரித்ததோடு சரி. பதில் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருப்பதால் அணுக்களை முழுமையாக எண்ண முடிகிறது. சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடு, வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றியதும் மேலே தெளிந்து நிற்கும் வெளிர்மஞ்சள் நீரே சீரம். அறிக்கை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் பற்றிய பகுதியும் அதே தரம். அந்த எண் கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பிக்கு வேலை ஏவுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்றும், வேலையாள் மந்தமானால் மேஸ்திரியின் குரல் உயர்வதைப்போல, தைராய்டு குறைவாகச் சுரந்தால் டிஎஸ்எச் உயரும் என்றும் நான்கே வரிகளில் சொல்லிவிடுகிறார்கள்.

அறிக்கையில் தடித்த எழுத்தில் வரும் எண்களைக் கண்டு பதறுகிறவர்களுக்காக 'இயல்பு அளவு' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நலமாக உள்ளவர்களைச் சோதித்து, நடுவில் அமையும் 95 விழுக்காட்டினரின் எண்களையே பெரும்பாலும் எல்லையாக வைக்கிறார்கள். ஆகவே நலமான 100 பேரில் 5 பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்பார்கள். கையேடு இதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு என்ற கணக்கையும் போட்டிருக்கலாம். தொகுப்புப் பரிசோதனை விற்கும் நிலையத்திடம் அதை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

சறுக்கல் கிரியேட்டினினில் தொடங்குகிறது. தசைகள் இயங்கும்போது உண்டாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் அந்தக் கழிவுப்பொருளைக் கையேடு 'ரத்தத்தில் சேரும் உப்பு' என்கிறது. பேச்சுவழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அந்த மயக்கத்தைத் தீர்க்கத்தானே கையேடு? மறுநாள் அம்மா ரசத்தில் உப்பே போடவில்லை. கேட்டதற்கு, "புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே" என்றார். சமையல் உப்புக்கும் கிரியேட்டினினுக்கும் பெயரைத் தவிர உறவில்லை என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனித் தீவாக விளக்கியிருப்பது. அம்மாவின் கிரியேட்டினின் 1.1, எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தை, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் 55 என்று அச்சாகியிருந்தது. அதே 1.1 ஒரு 25 வயது இளைஞனுக்கு இருந்தால் இந்த எண் 95 அளவில் வரும். 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்ளப்படும் இந்த அளவைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

மூன்று மாதச் சர்க்கரை அளவிலும் இதுவே நடந்திருக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது என்பதையும், 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 முதல் நீரிழிவு என்பதையும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றலாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 10.4, சர்க்கரைச் சராசரி 5.9. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த எங்கள் மருத்துவர், முதலில் இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு, மூன்று மாதம் கழித்துச் சர்க்கரையையும் கிரியேட்டினினையும் மறுபடி பார்க்கலாம் என்றார்.

சொல்லாட்சியிலும் ஒரு வார்த்தை. அறிக்கையில் பிளேட்லெட் என்றிருப்பதைக் கையேடு 'குருதிச் சிறுதட்டு' என்கிறது. டெங்குச் செய்திகளால் எல்லோருக்கும் பழகிப்போன 'தட்டணு' எங்குமே இல்லை. எந்தச் சொல்லுக்கு எது நிகர் என்ற பட்டியலும் இல்லை. எழுத்தளவோ, மூக்குக்கண்ணாடி போட்ட பிறகும் அம்மா உருப்பெருக்கியைத் தேடும் அளவுக்குச் சிறியது.

மறுபரிசோதனைக்கும் அங்கேதான் போகிறோம். 'உப்பு' என்ற சொல்லை அடிக்கோடிட்ட பிரதியைக் கையோடு எடுத்துச்சென்று வரவேற்பு மேசையில் கொடுப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.