இறந்த காலத்துக்கு எட்டு வாரம்: திருப்பூர் ஆங்கில வகுப்பு ஒன்றின் மதிப்புரை

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு வீட்டின் மாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து வருகிறார். விளம்பரம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் இரவு 7.30 முதல் 8.45 வரை வகுப்பு நடக்கிறது. எட்டு வாரத்தில் 24 வகுப்புகள், கட்டணம் 2,500 ரூபாய். இந்த எட்டு வாரமும் அவர் நடத்துவது ஆங்கிலத்தின் சாதாரண இறந்த காலம் ஒன்றை மட்டுமே. ஒரே ஒரு காலத்துக்கு இவ்வளவு நாளா என்று சேரும்போது எனக்கும் தயக்கம் இருந்தது. முடித்த பிறகு, இதற்கு மேலும் நான்கு வகுப்புகள் இருந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

நான் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை கோபியில் தமிழ்வழியில் படித்தவன். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று ஓர் ஆர்டர் நகரும் ஒவ்வொரு கட்டத்தையும் வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கை வாங்குபவருக்கு, மெயிலில் தெரிவிப்பது என் பொறுப்பு; நாள் முழுவதும் நான் எழுதுவது, நடந்து முடிந்தவற்றைப் பற்றித்தான். சென்ற ஆண்டு ஒரு மெயிலில் 'வி கட் தி ஃபேப்ரிக் ஆன் மண்டே' என்று எழுதினேன். திங்கட்கிழமையே துணியை வெட்டிவிட்டோம் என்பது நான் சொல்ல நினைத்தது. வருகிற திங்கட்கிழமை வெட்டப்போகிறோம் என்று அதைப் படித்துக்கொண்ட பையர், அதற்குள் நிறத்தைச் சற்று அடர்த்தியாக்கித் தரும்படி பதில் அனுப்பிவிட்டார். வெட்டி அடுக்கிய துணியை மறுபடியும் சாயத்துக்கு அனுப்ப முடியாது. நான்கு நாள்கள் மெயிலும் போனுமாகக் கழிந்து, கடைசியில் பழைய நிறத்துக்கே அவர் சம்மதித்தார்; அந்த நான்கு நாள்களையும் நான் தூக்கமில்லாமல்தான் கடந்தேன்.

முதல் வகுப்பில் அந்த மெயிலை ஆசிரியையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தவர், "தம்பி, இதுல இலக்கணத் தப்பே இல்லீங்க" என்றார். 'கட்' என்னும் வினைக்கு நிகழ்காலத்திலும் இறந்த காலத்திலும் ஒரே வடிவம்தான். அவன், அவள், அது என்று வரும்போது மட்டும் நிகழ்காலத்தில் ஸகர ஒலி சேர்வதால் வேறுபாடு தெரியும். நாங்கள் என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்த அடையாளமும் கிடைக்காது. ஆகவே 'லாஸ்ட் மண்டே' என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு ஆண்டுகளில் இதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னதில்லை.

இந்த வகுப்பின் உயிரான பகுதி, எதிர்மறையை அவர் கற்றுக்கொடுக்கும் விதம். எங்களில் பெரும்பாலோர் 'டிட் நாட் வென்ட்' என்று சொல்லிப் பழகியவர்கள். அது தவறு, 'டிட் நாட் கோ' என்பதே சரி என்று எல்லா இடத்திலும் திருத்துவார்கள். ஏன் என்று சொல்வதில்லை. இவர் கரும்பலகையில் 'போகவில்லை' என்று தமிழில் எழுதிவிட்டு, இந்தச் சொல்லில் இறந்த காலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எங்குமே இல்லை. 'நேற்றுப் போகவில்லை' என்றாலும் 'இன்று போகவில்லை' என்றாலும் சொல் மாறாது. 'போக' என்பது காலம் காட்டாத வடிவம், அதோடு 'இல்லை' சேர்கிறது. 'போனேன் இல்லை' என்று நாம் பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் எதிர்மறை வரும்போது முதன்மை வினை காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'கோ' என்று வெறுமையாக நிற்கிறது. காலத்தை 'டிட்' சுமந்துகொள்கிறது. எதிர்மறையில் தமிழும் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே வழியில் நடக்கின்றன என்பதைப் பார்த்த அன்று, கொட்டகையில் இருந்த பலர் தாமாகவே வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தடுமாற வைப்பது கேள்வி. "ஏனுங்க, நேத்து கோயமுத்தூர் போனீங்களா?" என்னும்போது வினையில் இறந்த காலம் அப்படியே இருக்க, கடைசியில் ஓர் 'ஆ' ஒலி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் 'டிட் யூ வென்ட்' என்று வாயில் வருகிறது. கேள்வி கேட்கும்போது மனத்துக்குள் 'போகவில்லையா' என்று எதிர்மறையாக நினைத்துக்கொண்டால் 'கோ' தானாக வரும் என்று அவர் ஒரு வழி சொன்னார். எனக்கு அது ஒரு வாரத்தில் படிந்துவிட்டது.

அதே அக்கறையோடு அவர் எடுத்துக்கொண்ட இன்னொன்று, திருப்பூர் மெயில்களில் அன்றாடம் காணும் 'வி ஹேவ் சென்ட் யெஸ்டர்டே'. 'நேற்றே சாம்பிள் அனுப்பியிருக்கிறோம்' என்பது நல்ல தமிழ். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றும்போது 'ஹேவ்' உள்ளே வந்துவிடுகிறது. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலத்தில் அங்கே 'ஹேவ்' நிற்காது, சாதாரண இறந்த காலமே வேண்டும். காலத்தைக் குறிப்பிடாமல், அனுப்பியாயிற்று என்ற செய்தியை மட்டும் சொல்வதானால் 'ஹேவ்' பொருந்தும். இந்த ஒரு வகுப்புக்காகவே 2,500 ரூபாய் தகும் என்பது என் கருத்து.

இறந்த காலத்தில் பொது விதிக்கு அடங்காத, ஒழுங்கில்லாத ஆங்கில வினைகளைக் கண்டு மலைக்க வேண்டாம் என்பதற்கு அவர் நன்னூலைத் துணைக்கு அழைத்தார். அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்று இந்தப் பகுதியில் சொல்வது வழக்கம். தமிழில் வினைச்சொல்லின் நடுவே நின்று இறந்த காலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என நான்கு: செய்தேன், உண்டேன், தின்றேன், ஓடினேன். 'நட்டேன்', 'பெற்றேன்' போன்றவற்றில் இடைநிலை இல்லாமல் பகுதியே, அதாவது வினையின் அடிச்சொல்லே, இரட்டித்துக் காலம் காட்டுகிறது. 'வா' என்பது 'வந்தேன்' என்று குறுகுகிறது. 'சா' என்பது 'செத்தான்' என்று ஆகிவிடுகிறது. இவற்றையெல்லாம் பள்ளிக்குப் போகும் முன்பே பிழையில்லாமல் பேசியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாதவை ஏறத்தாழ 200. ஆனால் இரு, செய், சொல், போ, வா, எடு, பார் என அன்றாடம் வாயில் புழங்கும் வினைகள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. அடிக்கடி புழங்கியதாலேயே அவை பழைய வடிவத்தை விடாமல் வைத்திருக்கின்றன. 'கோ' என்பதற்கு இறந்த காலமாக வரும் 'வென்ட்', 'வெண்ட்' என்ற வேறொரு பழைய வினையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உச்சரிப்புக்கு 24 வகுப்புகளில் இரண்டை மட்டுமே ஒதுக்கியது போதாது. ஒழுங்கான வினைகளின் ஈற்றில் வரும் ஒலி மூன்று விதம்: 'வாஷ்ட்', 'பேக்ட்', 'செக்ட்' ஆகியவற்றில் வல்லோசை, 'டைட்', 'ஐயர்ன்ட்' ஆகியவற்றில் தொண்டை அதிரும் மெல்லோசை, 'நிட்டட்', 'பிரிண்டட்', 'லோடட்' ஆகியவற்றில் தனி அசை. முதல் இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்துத்தான் என்பதால், தாளில் எழுதிப் பழகிப் பயனில்லை, காதால்தான் பழக வேண்டும். மேலும் தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை. அதனால் நாம் 'பேக்டு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொன்ன பயிற்சி அருமையானது. ஆனால் 28 பேர் உள்ள கொட்டகையில் ஒவ்வொருவரையும் அவரால் கேட்டுத் திருத்த முடியவில்லை.

வினைப் பட்டியலாகத் தந்த ஜெராக்ஸ் தாளிலும் குறை உண்டு. வகுப்பில் மாறாதவை, நடுவில் உயிரொலி மாறுபவை, 'பாட்', 'பிராட்', 'தாட்' போல் ஒரே ஓசையில் முடிபவை என்று குழு குழுவாகச் சொன்னவர், தாளில் அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார். அதில் 'லே' என்பதன் இறந்த காலம் 'லே' என்று தவறாக அச்சாகியிருக்கிறது. படுத்தல் என்னும் பொருளுள்ள 'லை' என்பதற்குத்தான் இறந்த காலம் 'லே'. பரப்பி வைத்தல் என்னும் பொருளுள்ள 'லே' என்பதற்கு 'லெய்ட்'. கட்டிங் மேசையில் துணியை லே போடுவது எங்களுக்கு அன்றாட வேலை என்பதால் இந்தப் பிழை எங்களையே நேராகப் பாதிக்கும். சொன்னவுடன் ஏற்றுக்கொண்டு, அடுத்த வகுப்பில் எல்லோர் தாளிலும் பேனாவால் திருத்திக் கொடுத்தார்.

ஷிப்மெண்ட் நெருங்கும் வாரங்களில் இரவு 7.30க்கு யாராலும் நிறுவனத்தை விட்டுக் கிளம்ப முடிவதில்லை. நான் ஐந்து வகுப்புகளைத் தவறவிட்டேன். விட்டதைத் திரும்பக் கேட்க ஏற்பாடு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்பு வைக்கும்படி நாங்கள் கேட்டிருக்கிறோம். அடுத்து தொடங்கும் எட்டு வார வகுப்பில், செக்கிங் பிரிவில் வேலை செய்யும் என் அக்கா மகளைச் சேர்த்திருக்கிறேன். சேர விரும்புவோர் தாங்கள் எழுதிய மெயில்களில் பத்தைத் திருத்தாமல் அச்செடுத்துக்கொண்டு போவது நல்லது. முதல் நாள் அவர் கேட்பது அதைத்தான்.