தூங்கும் கைபேசி, பிந்தும் மின்னஞ்சல்: ஐந்து வருடக் கணக்கு

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். கொக்குவிலில் வீட்டு முன்விறாந்தைதான் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி உறுதி என்று என்னிடம் வரும் தாள்களில் பாதிக்கு மேல் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிறவை. அவர்கள் பகலில் எழுதுவது எனக்கு இரவில் வந்து சேரும். குளிர்காலத்தில் இலண்டன் அலுவலகம் மாலை 5 மணிக்குப் பூட்டும்போது இங்கே இரவு 10.30. அந்த நேரத்தில் நான் மடிக்கணினிக்கு முன்னால் இருக்க மாட்டேன். கைபேசி ஒலித்தால்தான் எழும்புவேன்.

2020 கார்த்திகையில் ஓர் இரவு அது ஒலிக்கவில்லை. மேசையில் குப்புறக் கிடந்தது. சாப்பிட்டு, ஒரு பழைய உறுதியின் மிச்சப் பக்கங்களை முடித்து, படுக்கப் போகுமுன் 12.40 போல நேரம் பார்க்கக் கையிலெடுத்தேன். திரை வெளிச்சமானதுதான் தாமதம், நல்லூர்த் தேரன்று கூட்டம் வாசலில் முட்டுவதுபோல ஏழு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. 9.10க்கு அனுப்பப்பட்ட ஒன்று: நான்கு பக்க உறுதி, நாளைக் காலைக்குள் வேண்டும், முடியுமா? 11.35க்கு அனுப்பப்பட்ட இன்னொன்று: பதில் வராதபடியால் கொழும்பில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம், நன்றி.

முதலில் கோபம் சேர்வர்காரர்மேல் வந்தது. என்னிடம் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று ஜிமெயில். மற்றது தொழிலின் பெயரில் சொந்த டொமைனில் உள்ளது. வருடச் சந்தாவுக்கு எடுத்த பகிர்வு சேர்வரில் கிடக்கிறது. பிந்தியது இந்த இரண்டாவது முகவரிக்கு வந்த மடல்தான். சூடாக ஒரு முறைப்பாடு எழுதத் தொடங்கிவிட்டு, எதற்கும் ஆதாரம் வைத்துப் பேசுவோம் என்று மடலின் தலைப்புவரிகளைத் திறந்தேன். எந்த மடலின் தலையிலும் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகள் இருக்கும். கடந்து வந்த ஒவ்வொரு சேர்வரும் தன் நேரத்தை முத்திரை குத்தி மேலே ஒட்டிவிடும். ஆகவே கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். யூடிசி என்ற உலகப் பொது நேரம் என்றால் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். கடைசி முத்திரை இரவு 9.10.14 என்றது. அனுப்பிய சில விநாடிகளில் மடல் என் பெட்டிக்குள் வந்துவிட்டது. மூன்றரை மணி நேரம் அதை அடைகாத்தது என் மேசையில் கிடந்த சாமான்தான். எழுதிய முறைப்பாட்டை அழித்தேன்.

வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில் சந்திக்குச் சந்தி இருந்த ‘கொமினிக்கேசன்’ கடைகளை நினைவிருப்பவர்களுக்கு மிச்சக் கதை இலகுவாக விளங்கும். வெளிநாட்டிலிருந்து கோல் வந்திருக்கிறதா என்று அரை மணிக்கொரு தடவை நாமே கடைக்கு நடந்து போய்க் கேட்கலாம். சேர்வரிலிருந்து மடலை இறக்கி எடுக்கும் பழைய முறையான பொப்3 கணக்குக்கு இந்த ஒரு வழிதான் தெரியும். இரண்டாவது வழி, நம் ஆள் ஒருவரைக் கடை வாங்கிலேயே இருத்திவிடுவது; கோல் வந்தவுடன் அவர் நமக்குச் சொல்லுவார். மடலைச் சேர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையின் ‘ஐடில்’ கட்டளை செய்வது இதை. 1997இல் ஆர்எஃப்சி 2177 என்ற ஆவணத்தில் எழுதப்பட்ட பழைய ஏற்பாடு. 30 நிமிடம் அசையாமல் இருந்தால் கடைக்காரர் ஆள் போய்விட்டார் என்று எண்ணக்கூடும். ஆகவே 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது எழும்பி இருக்கச் சொல்கிறது அந்த ஆவணம். மூன்றாவது வழி, கடையே ஒரு பொடியனைச் சைக்கிளில் அனுப்புவது. ஒழுங்கை முழுவதற்கும் ஒரே பொடியன். அண்ட்ரொய்ட் கைபேசிகளில் கூகுள் வைத்திருக்கும் ‘எஃப்சிஎம்’ சேவை இதுதான்: எல்லாச் செயலிகளின் செய்தியும் ஒரே இணைப்பின் வழியாக வரும். ஜிமெயில் முகவரிக்கு வரும் மடல் உடனே ஒலிப்பது இந்தப் பொடியனால்.

நான் செய்திருந்த பிழை இங்கேதான். சொந்த டொமைன் முகவரியையும் ஜிமெயில் செயலிக்குள்ளேயே சேர்த்திருந்தேன். இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே மரியாதை என்று நினைத்தேன். அப்படியல்ல. கூகுளுடையதல்லாத ஐமேப் கணக்கை அந்தச் செயலி இடைவெளிவிட்டுத்தான் போய்ப் பார்க்கும். மிகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். அந்தப் 15 நிமிடமும் கைபேசி விழித்திருந்தால்தான். 2015இல் அண்ட்ரொய்ட் 6உடன் ‘டோஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. மின்னேற்றியில் இல்லாத கைபேசி, திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் செயலிகளின் இணையத்தை நிறுத்தி, இடையிடையே மட்டும் கதவைத் திறந்துவிடும். நேரம் போகப் போக அந்த இடைவெளி நீளும். மேசையில் குப்புறக் கிடந்த என் கைபேசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் வைத்தியமாக, சொந்த முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டேன். பொடியன் கொண்டுவருவான்தானே. இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு ரொறன்ரோ வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் குறைப்பட்டார். தேடினால் அவருடைய மூன்று மடல்கள் எரிதக் (ஸ்பாம்) கோப்புறைக்குள் கிடந்தன. காரணம் எஸ்பிஎஃப். தன் பெயரில் எந்தச் சேர்வர்கள் மடல் அனுப்பலாம் என்று ஒவ்வொரு டொமைனும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். திருப்பிவிடப்பட்ட மடல் என் சேர்வரிலிருந்து போவதால் அந்தப் பட்டியலில் அகப்படாது, பெறுபவர் சந்தேகப்படுவார். எல்லா மடலும் இப்படி மாட்டாது, சில மாட்டும். எது மாட்டும் என்று முன்கூட்டித் தெரியாத வைத்தியம் எனக்கு வேண்டாம்.

2021 இறுதியில் ‘கே-9 மெயில்’ செயலிக்கு மாறினேன். மூலநிரல் திறந்தது, இலவசம், ‘ஐடில்’ தெரிந்தது. 2022இல் இது கணினி மின்னஞ்சல் செயலியான தண்டர்பேர்ட் திட்டத்தோடு சேர்ந்தது. 2024 ஒக்டோபரில் அதே நிரலிலிருந்து அண்ட்ரொய்டுக்கான தண்டர்பேர்ட் வெளிவந்தது. நான் இப்போது பாவிப்பது அதைத்தான். ‘ஃபெயார்ஈமெயில்’ என்ற இன்னொன்றும் உண்டு, அதுவும் ‘ஐடில்’ செய்யும். அமைப்புகளின் எண்ணிக்கை என் பொறுமைக்கு அதிகம்.

இந்த வகைச் செயலிகள் திரையின் மேல்பட்டியில் நிரந்தரமாக ஓர் அறிவிப்பை வைத்திருக்கும்: புதிய மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கிறது என்று. பலருக்கு இது கண்ணில் மண். என் மனைவியும் ‘இது ஏன் எந்நேரமும் நிற்கிறது’ என்று இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். இடைவிடாது ‘முன்னணிச் சேவை’யாக (ஃபோர்கிரவுண்ட் சேர்விஸ்) ஓடும் செயலி தான் ஓடுவதை இப்படிக் காட்டியே ஆக வேண்டும் என்பது அண்ட்ரொய்டின் விதி. எனக்கோ அதைக் கண்டால் நிம்மதி. வாங்கில் ஆள் இருக்கிறார்.

ஆள் இருந்தும் கோல் பிந்தியது, அதுவும் வெளியே போகும்போது. வைஃபையில் சரி, மொபைல் தரவில் 20 நிமிடம் வரை பிந்தும். மொபைல் வலையமைப்பில் பல கைபேசிகள் ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் இலக்கத்தை, பகிர்கின்றன. சத்தமில்லாத இணைப்பைச் சிறிது நேரத்தில் வலையமைப்பு மறந்துவிடும். இணைப்பு அறுந்தது இரு பக்கத்துக்கும் தெரியாது. குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5382 பரிந்துரைக்கிறது. என் சிம்முக்கு அது பத்து நிமிடத்தையும் தாண்டவில்லை என்பது என் சோதனை. கே-9இல் ‘ஐடில்’ இணைப்பைப் புதுப்பிக்கும் இடைவெளி 24 நிமிடமாக இருந்தது, 6 ஆக்கினேன். தீர்ந்தது. பற்றறி கூடுதலாகக் குறைந்தது, ஆனால் காலையிலிருந்து இரவு வரை என் கைபேசியில் அந்தச் செயலியின் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டியதில்லை. வீதிகளின் படத்தைப் பார்த்தபடி சாவகச்சேரிக்குப் போய்வந்தால் அதைவிடக் கூடப் போகும்.

அதன்பின் தலைகீழான நோய் வந்தது: வெளியே ஒழுங்கு, வீட்டில் மட்டும் பிழை. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ‘ஐடில்’ ஒரு நேரத்தில் ஒரு கோப்புறையைத்தான் கவனிக்கும். நான் நான்கு கோப்புறைகளை உடனடி என்று குறித்திருந்தேன், ஆகவே நான்கு இணைப்புகள். மாற்றுக்கு வைத்திருந்த பழைய கைபேசியிலும் அதே நான்கு. மடிக்கணினித் தண்டர்பேர்ட் தன்பாட்டில் ஐந்து வரை திறக்கும். கூட்டினால் 13. என் சேர்வரில் ஓடுவது ‘டவ்கொட்’ என்ற மடல் மென்பொருள். ஒரு பயனருக்கு ஓர் ஐபி முகவரியிலிருந்து 10 இணைப்பு என்பது அதன் இயல்பான எல்லை. வீட்டு வைஃபையில் மூன்று கருவிகளுக்கும் வெளியுலகில் ஒரே ஐபி முகவரி. பதினோராவது ஆள் கடை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார். உள்பெட்டியை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். அனுப்பியவை கோப்புறையை உடனடியாகப் பார்க்க யாருக்கு என்ன அவசரம்?

2022இன் மின்வெட்டுகள் வேறொரு பாடம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. ரவுட்டருக்கு ஒரு சிறு யூபிஎஸ் வாங்கி மாட்டினேன், எல்லாரையும் போல. கெட்டது அதோடுதான். ரவுட்டருக்கு உயிர் உண்டு, ஆனால் அதற்கப்பால் இணையம் செத்துவிடும். கைபேசியோ வைஃபை இருக்கிறது என்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். யூபிஎஸ் இல்லாத காலத்தில் ரவுட்டர் அணைந்ததும் கைபேசி தானாகவே மொபைல் தரவுக்குப் போய்விடும். அமைப்புகளில் ‘இணையமற்ற வைஃபையிலிருந்து தானாக மாறு’ என்பதுபோல ஒரு தெரிவு இருந்தது. அதை இயக்கியபின் ஒரு நிமிடத்துக்குள் மாறியது. கோபுரத்தின் பற்றறியும் போய்விட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை, விளக்கைக் கொளுத்திவிட்டு இருப்பதுதான்.

2023இல் கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் புதுக் கைபேசி வாங்கினேன். கடைத் தம்பி அன்பானவர். பெட்டியைப் பிரித்து, உறை போட்டு, திரைக்குக் கண்ணாடி ஒட்டி, ‘அண்ணை, பற்றறி இரண்டு நாள் நிற்கும்படி எல்லாம் செய்து தந்திருக்கிறேன்’ என்றார். அவர் செய்தது என்ன என்று அன்றிரவு தெரிந்தது. பற்றறி சேமிப்பு இயக்கத்தில் இருந்தது. எல்லாச் செயலிகளின் தானியங்கு தொடக்கமும் மூடப்பட்டிருந்தது. இந்த வகைக் கைபேசிகளில் அண்ட்ரொய்டின் ‘டோஸ்’ போதாதென்று தயாரிப்பாளரின் சொந்தக் காவல்காரனும் ஒருவன் நிற்பான், அவன் சொல்லாமல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான். நான் திறக்க வேண்டியிருந்தவை: பற்றறிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு, தானியங்கு தொடக்கம், பின்னணித் தரவு, அண்மைச் செயலிகள் திரையில் பூட்டு. அண்ட்ரொய்ட் 13 முதல் அறிவிப்புக்கே தனி அனுமதி கொடுக்க வேண்டும். அண்ட்ரொய்ட் 14இல் புதிதாக நிறுவும் செயலிக்கு ‘அலாரங்களும் நினைவூட்டல்களும்’ அனுமதி தானாகக் கிடைக்காது. அது இல்லாமல் குறித்த நேரத்தில் ‘ஐடில்’ இணைப்பைப் புதுப்பிக்க முடியாது. மின்னஞ்சலுக்கும் அலாரத்துக்கும் என்ன தொடர்பு என்று நானும் முதலில் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டவன்தான்.

தங்கையிடம் ஐபோன். அதில் கதை குறுகியது: ஐபோனுடன் வரும் மெயில் செயலி ‘ஐடில்’ பிடிக்காது, ஜிமெயிலைக்கூட இடைவெளிவிட்டுத்தான் பார்க்கும். ஜிமெயிலின் சொந்தச் செயலியைப் போட்டால் அப்பிளின் பொடியன் கொண்டுவருவான். அப்பிளின் ஐகிளவுட், மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் கணக்குகள் மெயில் செயலியிலேயே உடனே வரும். என்னுடையதுபோலப் பகிர்வு சேர்வரில் கிடக்கும் முகவரிதான் அங்கும் சங்கடம்.

ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சொல். 2022 மே 30க்குப் பிறகு வெறும் கடவுச்சொல்லோடு வெளிச்செயலிகளை கூகுள் உள்ளே விடுவதில்லை. புதிய செயலிகள் கூகுளின் பக்கத்தைத் திறந்து அங்கேயே அனுமதி வாங்கும். பழைய செயலி என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். நான் ஜிமெயிலை அதன் சொந்தச் செயலியிலேயே விட்டுவிட்டேன். ஓடுகிற வண்டியை ஏன் பிரிப்பான்?

இவ்வளவுக்குப் பிறகும் புது வாடிக்கையாளரின் முதல் மடல் மட்டும் கால் மணி பிந்தியது. இது கைபேசியின் குற்றமல்ல. ‘கிரேலிஸ்டிங்’ என்று ஒன்று: அறியாத சேர்வரை ‘பிறகு வா’ என்று திருப்பிவிடும். உண்மையான சேர்வர் திரும்ப வரும், எரிதம் அனுப்புகிறவர்களில் பலர் வரமாட்டார்கள். சந்தா நிறுவனத்திடம் கேட்டு என் கணக்குக்கு அதை நிறுத்தினேன். எரிதம் கூடியது, பொறுத்துக்கொள்கிறேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது மடல் வராத அந்த ஒரு மணி நேரத்துக்கு மருந்து தேடவில்லை.

வெள்ளி இரவுகளில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கைபேசியை 8 மணிக்கு மேசையில் குப்புற வைத்துவிடுவேன், மின்னேற்றியில் போடுவதில்லை. 10 மணிக்கு மடிக்கணினியில் ஜிமெயிலைத் திறந்து தொழில் முகவரிக்கு ஒரு வெற்று மடல் அனுப்புவேன். பெரும்பாலும் பத்து விநாடிக்குள் ஒலிக்கும். சென்ற மாதம் ஒரு வெள்ளி ஒலிக்கவில்லை. மேல்பட்டியில் அந்தக் காத்திருக்கும் அறிவிப்பும் இல்லை. புதன்கிழமை வந்த மென்பொருள் புதுப்பிப்பு பற்றறி விலக்கைத் தூக்கியிருந்தது. மறுபடி கொடுத்தேன், இன்னொரு மடல் அனுப்பினேன். ஏழு விநாடி.