ரேலிப் 5.5: ‘கோயம்பேடு’ என்று எழுதும்வரை எல்லாம் சுகம்

சின்னதாக ஒரு கேம் எஞ்சினைச் சொந்தமாகக் கட்டிப் பார்க்க ரேலிப் (raylib) என்ற சி மொழி லைப்ரரி நல்ல அடித்தளம். எதையும் வெளியே தேடி அலைய வேண்டாம். விண்டோ திறக்க ஜிஎல்எஃப்டபிள்யூ, படம் படிக்க எஸ்டிபி இமேஜ், ஒலிக்கு மினிஆடியோ என எல்லாம் சோர்ஸாகவே ‘எக்ஸ்டெர்னல்’ ஃபோல்டரில் கிடக்கின்றன. ‘மேக்’ (make) கட்டளை கொடுத்தால் ஒரே லைப்ரரி கோப்பு.

உபுண்டுவில் விண்டோ காட்டும் எக்ஸ்11, எக்ஸ்கர்சர் வகையறா ஹெடர்கள் மட்டும் சிஸ்டத்திலிருந்து வர வேண்டும். அவற்றின் டெவ் பேக்கேஜ்களைப் போடாவிட்டால் கம்பைல் பாதியில் நிற்கும். லிங்க் கட்டளையில் ரேலிப் உங்கள் கோப்புக்குப் பின்னால் வரட்டும். முன்னால் வைத்தால் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ மழைதான்.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எடுப்பவர்கள் கிராஃபிக்ஸைப் பார்த்து எடுங்கள். இன்டெல் ஹெச்டி 3000 என்றால் விண்டோஸ் டிரைவர், கிராஃபிக்ஸ் வரையும் இடைமுகமான ஓபன்ஜிஎல்லில் 3.1-ஐத் தாண்டாது. ரேலிப் கேட்பது 3.3. ஓபன்ஜிஎல் 2.1-க்கு கம்பைல் செய்து, ஷேடர்களையும் (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரல்கள்) அதற்கேற்ப மாற்றினால் ஓடும். லினக்ஸில் மேசா டிரைவர் 3.3 தருவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

சரி, தமிழ். பஸ் கேம் ஒன்றில் ‘கோயம்பேடு’ பலகை வேண்டும். எழுத்துருவைச் சும்மா ஏற்றினால் ஆங்கிலத்துக்கான 95 குறிகள் மட்டுமே வரும். பலகை முழுக்கக் கேள்விக்குறி. தமிழுக்கான யூனிகோட் எண்களை, 0B80 முதல் 0BFF வரை, கொடுத்து ஏற்றினால் எழுத்து வரும், ஆனால் ‘பே’யின் இரட்டைக்கொம்பு ப-வைத் தாண்டி ட-வின் முன் போய் நிற்கும், ‘டு’ சேராமல் துண்டாகத் தொங்கும். ரேலிப் எழுத்துருவைப் படிக்க வைத்திருக்கும் எஸ்டிபி ட்ரூடைப் எழுத்தை வரையும், கோர்க்காது.

கோர்க்க ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற லைப்ரரி வேண்டும். அதன் சோர்ஸில் ‘ஹார்ஃப்பஸ்.சிசி’ என்ற ஒற்றைக் கோப்பைக் கம்பைல் செய்தால் போதும், ஃப்ரீடைப் என்ற எழுத்துரு லைப்ரரி தேவையில்லை. அது திருப்பித் தருவது யூனிகோட் எண் அல்ல, கிளிஃப் எண், அதாவது எழுத்துருவுக்குள் அந்த வடிவத்தின் எண். ஆகவே ரேலிப்பின் எழுத்து வரையும் ஃபங்ஷன்கள் உதவாது. எஸ்டிபி ட்ரூடைப்பில் கிளிஃப் எண்ணை வாங்கும் ஃபங்ஷன்களால் சொந்த அட்லஸ் (எல்லா வடிவங்களும் அடங்கிய ஒரே படம்) தயாரித்து, துண்டு துண்டாக வரையுங்கள். 32 பிக்சல் எழுத்துக்கு 1024-க்கு 1024 பிக்சல் அட்லஸ் தாராளம்.

இரண்டு இடங்களில் கை சுடும். ஹார்ஃப்பஸுக்கு ஒய் அச்சு மேல்நோக்கி, ரேலிப்புக்குக் கீழ்நோக்கி. கூட்டல்-கழித்தல் குறியை மாற்றாவிட்டால் மேலே ஏற வேண்டிய புள்ளி கீழே இறங்கும். அளவை எழுத்துருவின் அடிப்படை அலகான ‘எம்’ (em) கணக்கில் எடுங்கள், பிக்சல் உயரக் கணக்கில் எடுத்தால் எழுத்து இடைவெளி பிசகும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் இன்னொரு கேம் லைப்ரரியான எஸ்டிஎல்3-உடன், அதன் எழுத்துத் துணை லைப்ரரி எஸ்டிஎல் டிடிஎஃப். ஹார்ஃப்பஸும் ஃப்ரீடைப்பும் அதன் கூடவே வருகின்றன. சப்மாட்யூல்களை (கிட்டில் இணைத்த துணை சோர்ஸ்கள்) இறக்கி, பில்ட் கருவியான சிமேக்கில் ‘வெண்டர்ட்’ ஆப்ஷனை ஆன் செய்ய வேண்டும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை: ரேலிப் இசட்லிப் உரிமம், கெடுபிடி இல்லை. ஆனால் ஹார்ஃப்பஸ், ரேலிப்புக்குள் 3டி மாடல்களைப் படிக்கும் சிஜிஎல்டிஎஃப் ஆகியவற்றின் உரிம வரிகளைக் கேமோடு சேர்த்தே கொடுங்கள். விண்டோஸின் லதா எழுத்துருவைத் தூக்கி உள்ளே போடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.