கியூபெக் 1700: கனடாவின் பத்து சென்ட் ஊதா அஞ்சல்தலை

கியூபெக் நகரத்தின் முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டிக் கனடா 1908 ஜூலையில் வெளியிட்ட எட்டு அஞ்சல்தலைகளில், அரச குடும்பத்தினரும் தளபதிகளும் இடம்பெற்றவற்றையே சேகரிப்பாளர்கள் முதலில் தேடுகிறார்கள். என் மதிப்பீட்டில் அத்தொகுப்பின் மிகச் சிறந்த தலை, ஊரையே படமாகக் கொண்ட பத்து சென்ட் தலைதான்.

கரும் ஊதா நிறத்தில், 1700ஆம் ஆண்டின் கியூபெக்கை செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பக்கமிருந்து நோக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கோணமே படத்தின் உயிர். கடலிலிருந்து அவ்வளவு தொலைவு உள்ளே வந்த பிறகும் பெரிய கப்பல்கள் மிதக்கும் ஆழம் அங்கே இருக்கிறது. ஆற்றின் அகலமோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. குன்றின்மேல் பீரங்கிகளை நிறுத்தினால் உள்நாட்டுக்குச் செல்லும் நீர்வழி முழுவதும் கைக்குள் அடங்கும் என்பதால்தான், நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் 1608இல் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். கரையோரக் கீழ்நகரில் வணிகர்களும் கிடங்குகளும், மேல்நகரில் ஆளுநரும் திருச்சபையும் என்று அமைந்த அந்த இரட்டை ஊரை, உருப்பெருக்கியில் பார்க்கும்போது நுண்கோடுகளிலேயே உணர முடிகிறது. 1690இல் ஆற்றுவழியே படையெடுத்து வந்த ஆங்கிலேயர் ஏன் தோற்றுத் திரும்பினர் என்பதும் அந்தக் குன்றைப் பார்த்தாலே விளங்கும்.

ஒரு குறை உண்டு. இத்துறைமுகம் உச்சத்தில் இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில், நெப்போலியனின் வணிகத் தடையால் பால்டிக் கடலோர நாடுகளின் மரத்தை இழந்த பிரிட்டனுக்கு இங்கிருந்து மரம் கப்பல் கப்பலாகச் சென்ற காலத்தில்தான். தொகுப்பின் எந்தத் தலையிலும் அந்த மரத்துறைக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் இடமில்லை. வரலாற்றுக் காட்சிகளில் பெரும்பாலும் பிரெஞ்சு ஆட்சியின் பெருமையோடு நின்றுவிட்ட தேர்வு எனக்கு வருத்தம் தருகிறது.

வாங்குவோர் முதலில் தலையின் ஓரத்துத் துளைவரிசையைப் பார்க்க வேண்டும். படம் நடுவில் அமையாமல், ஒரு பக்கத் துளைகள் சட்டத்தையே வெட்டிய பிரதிகள் நிறைய உலவுகின்றன. பசை குலையாத புதிய தலைக்குப் பெருந்தொகை கொடுப்பதைவிட, படத்தை மறைக்காத மெல்லிய முத்திரையுடைய பயன்படுத்திய தலையை வாங்குவதே மேல் என்பேன். அக்காலத்தில் பெரும்பாலான வெளிநாடுகளுக்கான கடிதத்துக்கு ஐந்து சென்ட், பதிவுக் கட்டணம் ஐந்து சென்ட் என்பதால், இந்த ஒரே தலை ஒட்டிய பதிவு உறை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.